ஓடுதளத்து நிலமும் ஒரு மரக்காணம் பயணமும்

திருவண்ணாமலையிலிருந்து திண்டிவனம் அறுபத்தெட்டு கிலோமீட்டர். விடிகாலை ஐந்து நாற்பதுக்குக் கிளம்பும் பேருந்தில் அப்போது டிக்கெட் பன்னிரண்டு ரூபாய். 1998, தை பிறந்து பத்து நாள் ஆகியிருந்தது. கிரிவலக் கூட்டம் இல்லாத நாள் என்பதால் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. ஒரு டிபன் டப்பா, ஒரு குறிப்பு நோட்டு, மாற்றுத் துப்பட்டா ஒன்று. என்னிடம் இருந்தது அவ்வளவுதான்.

நான் வேங்கிக்காலில் அரசு அலுவலகங்களுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை வாசலில் தட்டச்சு இயந்திரம் வைத்து மனு அடித்துக்கொடுப்பவள். பெயர் ஷாஹிதா. மனு கொடுக்க வருபவர்கள் என்னை டைப்பக்கா என்பார்கள். இதற்கு முன் நான் கடலைப் பார்த்தது ஒரே ஒரு முறை, அதுவும் கல்யாணம் ஆன புதிதில், சென்னையில். இந்த முறை கிளம்பியது கடல் பார்க்க அல்ல. ஒரு காகிதத்தைத் தேடி.

ஆறு பத்துக்குக் கீழ்பென்னாத்தூர் நிறுத்தத்தில் வசந்தா ஏறினாள். நிலக்கடலை மூட்டைகளுக்கு நடுவே கால் வைக்க இடம் தேடி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். முப்பத்தெட்டு வயது இருக்கும். அவள் ஊரின் வார்டு உறுப்பினர். இந்தப் பயணத்துக்குக் காரணம் அவள்தான்.

வசந்தாவின் ஊர் கீழ்பென்னாத்தூரிலிருந்து ஆறு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. யுத்த காலத்தில் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பயந்து, அந்த ஊர்க்காரர்களின் நிலத்தை எடுத்துக்கொண்டு வெள்ளைக்காரப் பட்டாளம் விமானம் இறங்க ஓடுதளம் போட்டது. யுத்தம் முடிந்து பட்டாளம் போய்விட்டது. போட்ட கான்கிரீட் மட்டும் அப்படியே கிடந்தது. ஊர்க்காரர்கள் அதன் இரண்டு பக்கமும் பழையபடி உழுது கேழ்வரகும், நாங்கள் மணிலா என்கிற நிலக்கடலையும் போட்டார்கள். கான்கிரீட்டின் மேல் நெல்லும் மணிலாவும் காயவைத்தார்கள். ஐம்பது வருஷம் யாரும் வந்து கேட்கவில்லை. இப்போது ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். பழைய பட்டாள நிலம், உபரி, ஏலத்தில் விற்கப்படும், ஆட்சேபனை இருந்தால் முப்பது நாளுக்குள் தெரிவிக்கவும். அதில் இருபத்தொரு நாள் போய்விட்டது.

வசந்தாவின் நாத்தனார் தனத்தை மரக்காணத்துக்குத் தெற்கே ஒரு கடலோர ஊரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அந்த ஊரிலும் இதே கதை. அங்கே பட்டாளம் காவல் கூண்டும் பீரங்கி மேடையும் கட்டிக் காலி செய்த நிலம், எண்பதுகளில் ஊர்க்காரர்களுக்கே திரும்பி வந்துவிட்டது என்று தனம் பொங்கலுக்கு வந்தபோது சொல்லியிருக்கிறார். அந்த உத்தரவின் நகல் கிடைத்தால் மனுவோடு வைக்கலாம் என்றேன். நகலை யாரிடமாவது கொடுத்து அனுப்பச் சொன்னால் போதும் என்றும் சொன்னேன். வசந்தா ஒப்பவில்லை.

"நேர்ல பாத்துட்டு வந்து அடிங்க டைப்பக்கா. பாக்காம அடிக்கிற மனுவுல உசுரு இருக்காது."

செஞ்சியைத் தாண்டும்போது மணி ஏழு. கோட்டை மலைகள் மேல் வெயில் அப்போதுதான் இறங்கிக்கொண்டிருந்தது. வசந்தா தலையை வெளியே நீட்டிப் பார்த்தாள்.

"இதுவும் பட்டாளத்துக்காரன் கட்டினதுதானே? இப்ப ஆடு மேயுது. இதை ஏலம் போடறோம்னு எவனும் வரலியே?"

"இதைப் பாக்க டூரிஸ்ட் வராங்க. உங்க ஊரு கான்கிரீட்டைப் பாக்க யாரு வருவாங்க?"

"ஏலக்காரன் வரானே!"

திண்டிவனத்தில் டீ குடித்துவிட்டு எட்டரைக்கு மரக்காணம் வண்டி பிடித்தோம். முப்பத்தைந்து கிலோமீட்டர், ஆறு ரூபாய். மரக்காணம் நெருங்க நெருங்க மண்ணின் நிறம் வெளுத்தது. சாலைக்கு இரண்டு பக்கமும் உப்பளங்கள். பாத்தி கட்டித் தண்ணீர் விட்டிருந்ததைப் பார்த்து வசந்தா நாற்று நட்டிருக்கிறார்கள் என்றே முதலில் நினைத்தாள். எங்கள் ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை கண்ணில் படும், அதை வைத்துத் திசை சொல்வோம். இங்கே பார்வை எதிலும் முட்டாமல் போய்க்கொண்டே இருந்தது. எனக்குக் கொஞ்சம் தலை சுற்றியது.

மரக்காணத்திலிருந்து தெற்கே ஒன்பது கிலோமீட்டருக்கு ஆள் ஏற்றும் வேன். தலைக்கு மூன்று ரூபாய். ஓட்டுநர் குமார் என்பவரிடம் நாங்கள் வந்த காரணத்தைச் சொன்னதும் பாதி வழியில் வண்டியை ஓரம் கட்டினார்.

"அப்ப இதையும் பாத்துட்டுப் போங்க. அஞ்சு நிமிஷம் நிறுத்தறேன்."

முள்கம்பி வேலி. உள்ளே சதுரம் சதுரமாகப் பெரிய குட்டைகள். தண்ணீர் பாசி பிடித்து நாறியது. நடுவே, மூன்று ஆள் உயரத்துக்கு ஒரு செங்கல் கூண்டு, கடலைப் பார்த்து ஒரு நீள ஓட்டையோடு நின்றது. அதுவும் பட்டாளம் கட்டிய ஒரு காவல் கூண்டு. ஏலத்தில் போன நிலம் பல கை மாறிக் கடைசியில் இறால் வளர்க்க ஒருவர் வாங்கினார், நாலு வருஷம் சம்பாதித்தார், இறாலுக்கு நோவு வந்ததும் போட்டுவிட்டுப் போய்விட்டார் என்றார் குமார். வாங்கும் முன்பு அங்கே கேழ்வரகு விளைந்ததாம்.

வசந்தா வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளிருந்து காவல்காரர் ஒருவர் வந்தார்.

"இங்க நிக்கக் கூடாதும்மா. பிரைவேட் இடம்."

"இந்த மண்ணைப் பாத்தா வெள்ளையா இருக்குதே. இதுல இனிமே ஏதாவது முளைக்குமா?"

"உப்பு ஏறிடுச்சு. புல்லுகூட முளைக்காது. நீங்க கிளம்புங்க."

"நிக்கறது ரோட்டு மேல. ரோட்டையும் வாங்கிட்டாரா உங்க மொதலாளி?"

காவல்காரர் சிரித்துவிட்டார். அவரும் பக்கத்து ஊர்க்காரர்தான், சம்பளம் வந்து ஆறு மாதம் ஆகிறது, வேறு வேலை கிடைக்கும்வரை நிற்கிறேன் என்றார். வசந்தா சிரிக்கவில்லை. வேனில் ஏறிய பிறகும் கையில் ஒட்டியிருந்த துருவைத் தேய்த்துக்கொண்டே வந்தாள்.

தனத்தின் ஊருக்குப் போய்ச் சேரும்போது பதினொன்று. ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். மணல் தரை, சவுக்குத் தோப்பு, தோப்புக்கு அப்பால் கடல் சத்தம். பீரங்கி மேடை இருந்த இடம் இப்போது தனம் வீட்டுச் சவுக்குத் தோப்புக்குள் இருக்கிறது. மேடையின் மேல் வெங்காயம் காயப்போட்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் வசந்தாவின் முகம் மலர்ந்தது.

"நம்ம ஊரு மாதிரியே இருக்குது அண்ணி!"

நண்டுக் குழம்பும் சோறும் போட்டார் தனம். சாப்பிட்டதும் பெட்டியிலிருந்து உத்தரவின் நகல் ஒன்றை எடுத்துக்கொடுத்தார். நான் சத்தமாகப் படித்தேன். பாதியில் என் குரல் தானாகத் தணிந்தது. மேற்படி நிலத்தின் மீது தங்களுக்கு எந்த உரிமையும் இல்லை என்று எழுதிக்கொடுத்த நபர்களுக்கு, கருணையின் பேரில், எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்ற நிபந்தனையுடன், அனுபவிக்க அனுமதி வழங்கப்படுகிறது.

"எந்த உரிமையும் இல்லைன்னு நீங்களா எழுதிக் குடுத்தீங்க?" என்று வசந்தா கேட்டாள்.

"எங்களுக்கு இன்னா தெரியும்? கையெழுத்து போட்டா நிலம் வரும்னாங்க. போட்டோம். வந்துச்சு." தனம் சாப்பிட்ட தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். பிறகு சொன்னார்: "போன வருஷம் தெக்கால பக்கம் ஒரு துண்டை வேற வேலைக்குன்னு எடுத்துக்கிட்டாங்க. ஏன்னு கேட்டதுக்கு இந்தப் பேப்பரைத்தான் காட்டினாங்க. அதை உங்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு வசந்தா."

பொங்கலுக்குத் தாய்வீடு வந்தவர், புகுந்த ஊரைப் பற்றிப் பெருமையாக ஒன்று சொல்லியிருக்கிறார். அதை நம்பி நாங்கள் நூறு கிலோமீட்டருக்கு மேல் வந்திருக்கிறோம். வசந்தா கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இதுக்கு முந்தி, பட்டாளத்துக்காரன் நிலத்தை எடுத்துக்கிட்டப்ப எதுவும் எழுதித் தரலியா அண்ணி? சும்மாவா குடுத்தாங்க?"

தனம் எங்களைத் தெருக்கோடியில் ஏகாம்பரம் என்பவர் வீட்டுக்குக் கூட்டிப்போனார். உப்பளத்தில் வேலை செய்பவர், அறுபதை நெருங்கிய வயது. விஷயத்தைக் கேட்டதும் உள்ளே போய் ஒரு பாலிதீன் உறையைக் கொண்டுவந்தார். உள்ளே மடிப்பில் கிழிந்த, அச்சடித்த ஒரு சீட்டு. மேலே இங்கிலீஷ், கீழே தமிழ். பெயரும் சர்வே எண்ணும் மட்டும் பேனாவால் நிரப்பியிருந்தார்கள். அவருடைய அப்பாவின் பெயர். தமிழில் இருந்ததை நான் மூன்று முறை படித்தேன். யுத்தகால அவசரத்துக்காக இந்த நிலம் தற்காலிகமாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. யுத்தம் முடிந்ததும் உரியவரிடம் திருப்பி ஒப்படைக்கப்படும்.

"இதை யாருகிட்டயும் காட்டலியா?" என்றேன்.

"காட்டினேன். பழசு, செல்லாதுன்னாங்க. செல்லாத பேப்பரை ஏன் கேட்டு வாங்கி வெச்சுக்கப் பாத்தாங்கன்னு எனக்குப் புரியல. அதனால குடுக்கல."

அது அச்சடித்த படிவம். ஒரு ஊருக்காக மட்டும் அச்சடித்திருக்க மாட்டார்கள். வசந்தாவின் ஊரிலும் இதையேதான் கொடுத்திருப்பார்கள், கரையான் அரித்திருக்கும். அப்படியென்றால் எடுத்துக்கொண்டவர்களின் பழைய பதிவேட்டில் அதன் அடையாளம் இருக்க வேண்டும். நான் அவசரமாக இதையெல்லாம் சொல்ல, ஏகாம்பரம் சட்டையை மாட்டிக்கொண்டார். சீட்டை எங்கள் கையில் தரவில்லை. எங்களோடு மரக்காணம்வரை வேனில் வந்து, ஜெராக்ஸ் இயந்திரத்தின் பக்கத்திலேயே நின்று, மூன்று நகல் எடுத்ததும் சீட்டை உறையில் போட்டு, உறையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு திரும்பிப்போனார்.

மூன்றே காலுக்குத் திண்டிவனம் வண்டி. வழியெல்லாம் எனக்கும் வசந்தாவுக்கும் சண்டை. சீட்டின் நகல், தனத்தின் உத்தரவு நகல், இரண்டையும் மனுவோடு வைக்கலாம் என்றேன் நான். உத்தரவு முன்மாதிரி, அதைக் காட்டினால்தான் நம் கோரிக்கைக்கும் கருணை காட்டுவார்கள், பத்து வருஷமாக மனு அடிக்கிறவள் சொல்கிறேன் என்றேன். வசந்தா என் பக்கம் முழுதாகத் திரும்பி உட்கார்ந்தாள்.

"உங்க வீட்டுல ஒருத்தர் வந்து ரெண்டு வருஷம் இருந்துட்டுப் போறேங்கறாரு. போயிடறாரு. அம்பது வருஷம் கழிச்சு இன்னொருத்தர் வந்து, இது எங்க வீடு, விக்கப் போறோம்ங்கறாரு. நீங்க அவருகிட்ட கருணை காட்டுங்கன்னு கேப்பீங்களா?"

"நான் கேக்கமாட்டேன். ஆனா நெலமே போயிட்டா?"

"போனா சண்டை போட்டு போவுட்டும். எழுதிக் குடுத்துட்டுப் போவக் கூடாது."

செஞ்சிவரை அவள் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்கத்தான் முயன்றுகொண்டிருந்தேன்.

மறுநாள் காலை வேங்கிக்காலில் என் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தபோது, "தாழ்மையுடன்" என்ற சொல் விரல் நுனிவரை வந்துவிட்டது. அதை எழுதாமல் ஒரு மனுவை நான் தொடங்கியதே இல்லை. நிறுத்தி, வேறு தாள் செருகினேன். அனுப்புநர், பெறுநர், பொருள். பிறகு நேராக: இந்த விற்பனையை நாங்கள் ஆட்சேபிக்கிறோம். இந்த நிலம் எங்களுடையது. திருப்பித் தருவதாகச் சொல்லி எடுக்கப்பட்டது. அதற்கான பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். கால் பக்கத்தில் மனு முடிந்துவிட்டது; சீட்டின் நகலை மட்டும் இணைத்தேன், உத்தரவை அல்ல. கையெழுத்துகள்தான் மூன்று பக்கம் வந்தன.

விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். வசந்தாவோடு நானும் போனேன். அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார்.

"மனு தோரணை சரியில்லையேம்மா. கேட்டுக்கொள்கிறோம்னு ஒரு வார்த்தைகூட இல்ல. மாத்தி எழுதிக் குடுங்க, நான் சிபாரிசு பண்றேன்."

"ஆட்சேபனை இருந்தா சொல்லுங்கன்னுதானே சார் நோட்டீஸ் ஒட்டினீங்க? சொல்லியிருக்கோம்," என்றாள் வசந்தா.

அவர் நகலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கடலோர ஊரின் சீட்டு இங்கே எப்படிப் பொருந்தும் என்றார். பொருந்தாது என்றால் எங்கள் ஊர்ப் பதிவேட்டைக் காட்டுங்கள், அதில் வேறு மாதிரி எழுதியிருந்தால் நாங்கள் எழுந்து போய்விடுகிறோம் என்றாள் வசந்தா. அவர் நகலைக் கோப்புக்குள் வைத்தார். பழைய மாவட்ட அலுவலகத்திலிருந்து பதிவேட்டுக் கட்டு வரவேண்டும் என்று குறித்துக்கொண்டார்.

அந்தக் கட்டு வர ஒன்றரை வருஷம் ஆனது. நடுவே நில அளவுக்காரர்கள் இரண்டு முறை வந்தார்கள். இரண்டு முறையும் ஓடுதளம் முழுக்க மணிலா காய்ந்தது, அதன் நடுவே பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மிதிக்காமல் அளவுச் சங்கிலி போட வழியில்லை. பதிவேடு வந்தபோது அதில் "தற்காலிகம்" என்றே இருந்தது. ஏலம் நின்றது. இரண்டு பக்க நிலங்களுக்கும் பட்டா கொடுத்தார்கள். கான்கிரீட்டை மட்டும் இன்னும் தரவில்லை. அதற்கு அடுத்த மனு போய்க்கொண்டிருக்கிறது.

பட்டா வந்த மாதம் தனத்திடமிருந்து ஒரு தபால் அட்டை வந்தது. உங்கள் ஊருக்கு அடித்த மாதிரி எங்களுக்கும் அடித்துத் தர வேண்டும், ஏகாம்பரமும் மற்றவர்களும் தயார் என்று எழுதியிருந்தார்.

அதே ஐந்து நாற்பது வண்டியில் மறுபடி போனேன், தனியாக. மடியில் தட்டச்சு இயந்திரம். கண்டக்டர் அதற்கும் ஒரு லக்கேஜ் டிக்கெட் கிழித்தார். சவுக்குத் தோப்பு நிழலில், பீரங்கி மேடையின் விளிம்பில் இயந்திரத்தை வைத்து உட்கார்ந்தேன். ஊரே சுற்றி நின்றது. கடல்காற்றில் தாள் படபடக்க, ஏகாம்பரம் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "ஆட்சேபிக்கிறோம்" என்று அடித்ததும் தனம் குனிந்து பார்த்தார்.

"இன்னும் பெருசா அடிக்க முடியாதா?"

என் இயந்திரத்தில் எழுத்து ஒரே அளவுதான் என்றேன். உருளையைப் பின்னால் தள்ளி, அந்தச் சொல்லுக்கு அடிக்கோடு போட்டேன். தனத்துக்குத் திருப்தியாகவில்லை. அந்தக் கோட்டின் மேலேயே இன்னொரு கோடும் போட்டேன்.