நடுவழியில் பெண் பார்த்தோம்

நாலு வருடங்களுக்கு முன்பு, ஆனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் தம்பிக்குப் பெண் பார்க்க தேவதானப்பட்டியிலிருந்து பண்ணைப்புரத்துக்கு வாடகை வேனில் புறப்பட்டோம். அம்மா, தாய்மாமா, தம்பி, நான். அப்பா இல்லாத எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் மாமாதான் முன்னால் நிற்பார். தம்பி காலேஜ் படித்துவிட்டு எங்கள் தென்னந்தோப்பைப் பார்த்துக்கொள்கிறான். "மாப்பிள்ளை விவசாயமா?" என்று கேட்டே பல வீடுகளில் பேச்சை முடித்துக்கொண்டார்கள். இந்த இடமாவது அமைய வேண்டுமே என்று எங்களுக்கு உள்ளூரப் பதற்றம்.

உத்தமபாளையம் தாண்டி கோம்பை சாலையில் போகும்போது வேனின் முன்பக்கமிருந்து குபுகுபுவென்று ஆவி கிளம்பியது. ரேடியேட்டர் குழாய் வெடித்துவிட்டதாம். மெக்கானிக் புதுக் குழாயோடு வர வேண்டும். ஞாயிறு என்பதால் எப்போது வருவார் என்று டிரைவருக்கே தெரியவில்லை.

மாமாவின் முகம் இருண்டுவிட்டது. "நல்ல காரியத்துக்குப் போகையில வண்டி நிக்குது. சகுனமே சரியில்ல. வேற வண்டியப் பிடிச்சு ஊருக்கே திரும்பிருவோம்" என்றார். தம்பி தள்ளிப்போய் நின்றுகொண்டான். எனக்கு அழுகை முட்டியது.

அம்மாவோ வேனிலிருந்த ஜமுக்காளத்தை எடுத்துச் சாலையோரப் புளியமரத்தடியில் விரித்தார். "வண்டிதானண்ணே நின்னுச்சு? நாம நல்லாத்தான இருக்கோம். இங்கன வந்து உக்காருங்க, காத்து எப்படி அடிக்குதுன்னு பாருங்க."

பிறகு பெண் வீட்டுக்குப் போன் செய்து, நடந்ததையும் நிற்கிற இடத்தையும் அப்படியே சிரித்துக்கொண்டே சொன்னார். இதைப் போய்ச் சொல்வார்களா என்று மாமாவுக்கு இன்னும் கோபம். அம்மா நீட்டிய முறுக்கைக்கூடத் தொடவில்லை. அவர் சர்க்கரை நோயாளி. காலையில் மாத்திரை போட்டுவிட்டு, வழியில் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று கிளம்பியவர். அது அந்தப் பரபரப்பில் எங்கள் யாருக்கும் நினைவில் இல்லை.

கொஞ்ச நேரத்தில் எதிர்க்காற்றில் தலைமுடி பறக்க, ஒரு பெண் ஸ்கூட்டரில் வந்து நின்றாள். சாதாரண சுடிதார். முன்னால் தண்ணீர் கேன், ஒரு பெரிய தூக்குவாளி.

"அப்பா ட்ராக்டர்ல வர்றாக. அதுக்குள்ள தாகமா இருப்பீகன்னு நான் முந்தி வந்துட்டேன்" என்றாள்.

பக்கத்து வீட்டுப் பெண் என்று நினைத்து அம்மா கேட்டார்: "நீ யாருத்தா?"

அவள் கலைந்த முடியை ஒதுக்கிக்கொண்டாள். "என்னையத்தான் பாக்க வர்றீக."

அம்மா சட்டென்று எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்குள் அவள் பார்வை மாமாவிடம் போயிருந்தது. "ஐயாவுக்கு ஏன் இப்படி வேர்க்குது? கை நடுங்குதே, சுகர் இருக்கா?" என்று கேட்டபடியே தூக்குவாளியைத் திறந்தாள். எங்களுக்காக அவர்கள் வீட்டில் கிண்டிய கேசரி. இனிப்பு வேண்டாம் என்று மாமா தலையாட்டியும் விடாமல், "சாப்பிடாம சுகர் இறங்கிருச்சு போல, இப்ப இனிப்புதான் வேணும்" என்று ஸ்பூனால் எடுத்து அவர் வாயருகே கொண்டுபோனாள். மாமா சாப்பிட்டார். சற்று நேரத்தில் வேர்வை அடங்கி, நிமிர்ந்து உட்கார்ந்தார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அவள் அப்பா வந்து சேர்ந்ததும் அதே மரத்தடியில் எல்லாரும் உட்கார்ந்து பேசினோம். தம்பியும் அவளும் கொஞ்ச தூரம் நடந்துபோய்ப் பேசிவிட்டு வந்தார்கள். "பூச்சி மருந்து அடிக்காம தென்னைய எப்படிப் பாத்துக்கிறீகன்னு கேட்டா" என்று தம்பி சொன்னபோது அவன் முகத்தில் அப்படியொரு வெளிச்சம்.

மாமாதான் முதலில் முடிவைச் சொன்னார். "எங்களுக்குப் பரிபூரண சம்மதம். உங்க பிள்ளைக்கும் பிடிச்சிருந்தா தேதியக் குறிங்க."

அவள் அப்பா மகளைப் பார்த்தார். அவள் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். மெக்கானிக் அதற்குப் பிறகுதான் வந்தார்.

பயணத்தில் பஸ் தாமதமானாலும், ரயில் நடுக்காட்டில் நின்றாலும் இப்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருவதில்லை. அன்று ஜமுக்காளம் விரித்த அம்மாவை நன்றியோடு நினைத்துக்கொள்வேன். வேன் மட்டும் ஒழுங்காக ஓடியிருந்தால், பட்டுப்புடவையில் தலைகுனிந்து காபி கொடுக்கும் ஒரு பெண்ணைத்தான் நாங்கள் பார்த்திருப்போம். இவளைப் பார்த்திருக்க மாட்டோம்.