எங்கள் வீட்டு நெட்டை யாருமே தொட்டதில்லை

செங்கல்பட்டில் எங்கள் தெருவிலேயே முதலில் வைஃபை வந்தது எங்கள் வீட்டுக்குத்தான். நான் அப்போது ஆறாவது படித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் கல்லூரியில் கடைசி வருடம். நாவலூரில் ஒரு கம்பெனி அவனைக் கேம்பஸிலேயே தேர்ந்தெடுத்திருந்தது. அந்தச் சந்தோஷத்தில் அப்பா வாங்கிய பெட்டி, டிவிக்கு மேல் பச்சை விளக்கை மினுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அதற்குப் பாஸ்வேர்ட் போட்டுக் கொடுத்தவர் மாமா, அம்மாவின் தம்பி. அவருக்கு நாவலூரில் கம்ப்யூட்டர் வேலை. அந்தப் பூட்டு ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்கு அமெரிக்காவில் இருக்கும் மகளோடு முகம் பார்த்துப் பேச வேண்டும். எதிர்வீட்டு அங்கிளுக்கு மகளின் பரீட்சை ரிசல்ட் பார்க்க வேண்டும். இருவரும் வாசலில் வந்து நின்று கேட்டதே அப்பாவுக்குக் கூச்சமாகிவிட்டது. தெருவில் எங்கள் அடிபம்பில் மட்டும்தான் உப்பில்லாத தண்ணீர் வரும். எல்லா வீட்டுக் குடங்களும் அங்கேதான் நிரம்பும்.

"நல்ல தண்ணிக்கே நான் பூட்டு போடல. இதுக்கா போடுவேன்?" என்று சொல்லி அண்ணனைக் கொண்டு பாஸ்வேர்டை எடுக்க வைத்தார்.

மாமா தலையில் அடித்துக்கொண்டார். "மச்சான், தண்ணிய மொண்டா தண்ணி மட்டுந்தான் போவும். இதுல எவன் இன்னா பண்ணாலும் உங்க பேருதான் வரும்."

"நம்ம தெருவுல யாருப்பா அப்படி இருக்காங்க?" என்று அப்பா சிரித்தார்.

அதன் பிறகு தெருவே அவரைப் புகழ்ந்தது. எதிர்வீட்டு அங்கிள் மட்டும் அவ்வப்போது கேட்டில் வந்து நிற்பார். "சார், இன்னா இன்னிக்கு நெட்டு ஸ்லோவா கீது?" தப்புச் செய்தவர்போல அப்பா ஓடிப்போய்ப் பெட்டியை அணைத்துப் போடுவார்.

ஒரு நாள் பள்ளிவிட்டு வந்தபோது வாசலில் போலீஸ் ஜீப் நின்றது. அடுத்த தெருப் பெண் ஒருத்திக்கு யாரோ அசிங்க அசிங்கமாக மெயில் அனுப்பியிருக்கிறார்கள். என் அண்ணன் போகும் பஸ்ஸிலேயே கல்லூரிக்குப் போகிறவள் அவள். மெயில்கள் எல்லாம் எங்கள் வீட்டு இணைப்பிலிருந்து போயிருந்தன. கம்ப்யூட்டரையும் அண்ணனையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவனைச் செருப்புப் போட்டுக்கொள்ளக்கூட விடவில்லை.

அப்பா ஸ்டேஷனிலிருந்து திரும்பி வந்து அம்மாவிடம் சொன்னார். "தெருவே யூஸ் பண்ணுதுன்னு சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க. யாராவது ஒருத்தர் வந்து, ஆமா நானும் யூஸ் பண்றேன்னு சொன்னா போதுமாம். புள்ளைய அனுப்பிடுவாங்களாம்." யாராவது ஒருத்தர்தானே, இத்தனை வீடு இருக்கிறதே என்று எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு அப்பா கிளம்பினார்.

"எங்களுக்கு இன்னாத்துக்கு சார் நெட்டு? கம்ப்யூட்டர்ல சாமி பாட்டு கேக்கறதோட சரி," என்றார் பக்கத்து வீட்டு ஆன்ட்டி. அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே உள்ளே கம்ப்யூட்டரிலிருந்து அமெரிக்கப் பேத்தி, "பாட்டி, எங்க போய்ட்ட?" என்று கூப்பிட்டாள். எங்கள் நெட்டில் வந்த குரல் அது. ஆன்ட்டி கதவைச் சாத்திக்கொண்டார்.

எதிர்வீட்டு அங்கிள் கதவை முழுக்கத் திறக்கவே இல்லை. "பொண்ணு விஷயம் சார். நாங்களும் பொண்ண வச்சிகினு கீறோம். எங்கள இதுல இழுக்காதீங்க." மற்ற வீடுகளில் இந்த அளவு பேச்சும் இல்லை. உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொல்வார்கள். நாங்கள் கொடுத்தது உப்பில்லாத தண்ணீர், அதனால்தானோ என்னவோ.

கம்ப்யூட்டரைத் துருவிப் பார்த்தும் போலீசுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அண்ணனை அனுப்பிவிட்டார்கள். மெயில் அனுப்பியவன் யாரென்று இன்றுவரை தெரியாது. நாவலூர் கம்பெனிக்கு எப்படியோ சேதி போயிருந்தது. பிறகு கூப்பிடுகிறோம் என்றார்கள், கூப்பிடவே இல்லை. அண்ணன் இப்போது வடக்கே எங்கோ ஓர் ஊரில் வேலை பார்க்கிறான். பொங்கலுக்கும் வருவதில்லை. அப்பாவும் அம்மாவும்தான் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

அவன் ஸ்டேஷனிலிருந்து வந்த அன்றே மாமா மறுபடி பாஸ்வேர்ட் போட்டுவிட்டார். சில வாரம் கழித்து அவர் வந்திருந்தபோது அவருடைய லேப்டாப்பைத் திறந்து விளையாடிக்கொண்டிருந்தேன். முன்பெல்லாம் அதில் எங்கள் வைஃபை ஒன்றுதான் தெரியும். இப்போது பக்கத்து வீடு, எதிர்வீடு என்று வரிசையாகப் பெயர்கள். நெட்டே வேண்டாம் என்றவர்கள் எல்லாம் வாங்கியிருந்தார்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு குட்டிப் பூட்டு.

"அப்பா, எல்லாரும் பூட்டு போட்டுட்டாங்க! நமக்கு ஆன மாதிரி இனிமே யாருக்கும் ஆவாது!" என்று கத்திக்கொண்டு கூடத்துக்கு ஓடினேன். எங்கள் கஷ்டத்தால் தெருவுக்கே புத்தி வந்துவிட்டது என்று எனக்கு அவ்வளவு பெருமை.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணன் பாதியில் எழுந்து கை கழுவப் போனான். ஏன் யாருமே சந்தோஷப்படவில்லை என்று எனக்கு அப்போது புரியவில்லை. முகம் தெரியாத அந்த எவனுக்கோ பயந்துதான் தெருவே பூட்டிக்கொண்டது என்று நான் நினைத்திருந்தேன். அவர்கள் பூட்டியது என் அண்ணனுக்குப் பயந்து.