அண்ணி எடுத்த முதுகுப் படங்கள்

அந்தக் கேமரா சோப்புப் பெட்டி அளவுதான் இருந்தது. வெள்ளி நிறப் பிளாஸ்டிக் உடம்பு. முன்பக்கம் சட்டைப் பொத்தான் போல ஒரு கண்ணாடி. பின்பக்கம் இன்னும் எத்தனை படம் எடுக்கலாம் என்று காட்டுகிற சின்னக் கட்டம். எடுத்த படத்தைப் பார்க்கும் திரை அதில் கிடையாது. அதை வாங்கிய கடையில் திரை வைத்த கேமராவும் இருந்தது. கடைக்காரர் அதை அண்ணியின் கையிலேயே கொடுத்தார். அண்ணி விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, சுடுகிற பாத்திரத்தை இறக்குவது போல அதை மெதுவாகக் கண்ணாடி மேசைமேல் வைத்தார். “பாக்கறதுக்கு இன்னாத்துக்குப்பா தனியா ஒரு கண்ணாடி? எடுத்தா போதும் எனக்கு” என்றார்.

செல்போனில் கேமரா வராத காலம் அது. வந்திருந்தாலும் எங்கள் பக்கம் யார் கையிலும் இல்லை. காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டுக்கு அருகே, கால்குலேட்டரும் டார்ச் லைட்டும் விற்கிற சின்னக் கடை. அண்ணி பிலிம் எங்கே போடுவது என்று கேட்டார். பிலிமே வேண்டாம் என்றார் கடைக்காரர். “அப்ப எடுத்த போட்டோ எங்கப்பா போய் உக்காந்துக்கினு இருக்கும்?” என்று அண்ணி அடுத்துக் கேட்டபோது, பக்கத்தில் நின்ற கல்லூரிப் பெண்கள் இருவர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். படம் உள்ளேயே இருக்கும், கம்ப்யூட்டரில் ஒயரைச் செருகினால் வெளியே வரும் என்று கடைக்காரர் பொறுமையாகத்தான் சொன்னார். “எங்க வூட்ல கம்ப்யூட்டர் கிடையாதே” என்றார் அண்ணி, ஏதோ குறையை ஒப்புக்கொள்கிறவர் போல. பிரௌசிங் சென்டரில் கொடுத்தால் எடுத்துத் தருவார்கள் என்று பதில் வந்தது. எனக்கு அப்போது இருபது வயதிருக்கும். அந்தப் பெண்கள் போட்டிருந்த சுடிதாரும் என் தாவணியும் ஒரே கண்ணாடியில் தெரிந்தன. அண்ணி சீக்கிரம் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட மாட்டாரா என்று காது சூடேற நின்றுகொண்டிருந்தேன்.

அண்ணி என் அண்ணனின் மனைவி. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் பிளவுஸ் தைத்துக்கொண்டிருந்தார். அண்ணன் ஒரு பட்டுக்கடையில் வாடிக்கையாளருக்குப் புடவை விரித்துக் காட்டுகிற வேலை. அண்ணி வெட்டித் தைப்பார், நான் கொக்கி தைத்து ஓரம் அடிப்பேன். ஊரில் பட்டுப் புடவைக்கா பஞ்சம்? ஒவ்வொரு புடவைக்கும் ஒரு பிளவுஸ் உண்டு, வேலையும் இருந்துகொண்டே இருந்தது. ஆனால் அந்த வருடங்களில் பெண்கள் முன்பக்கத்தை மறந்து முதுகைக் கொண்டாடத் தொடங்கினார்கள். பானைக் கழுத்து, ஜன்னல் கழுத்து, கயிறு கட்டிக் குஞ்சம் தொங்கவிட்டது என்று தினம் ஒன்று வந்தது. பெரிய தெருவில் புதிதாகத் திறந்த தையல் கடையில் டிசைன் படங்களை ஆல்பமாக அடுக்கி வைத்திருந்தார்கள். அண்ணியிடம் வருகிறவர்கள் காற்றில் விரலால் வரைந்து காட்டுவார்கள். அண்ணி தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார். தைத்து முடித்த பிறகு, “நான் சொன்னது இது இல்லீங்க” என்பார்கள். அப்படி இரண்டு மூன்று பேர் அந்தக் கடைக்கு மாறிப் போனார்கள். தனக்கென்று ஓர் ஆல்பம் வேண்டும் என்கிற எண்ணம் அண்ணிக்கு அங்கிருந்துதான் வந்தது.

முதலில் எடுத்தவை எல்லாம் வீண். அந்தக் கேமராவில் பொத்தானை அழுத்திய உடனே படம் விழாது. அது யோசித்து, ஒரு மூச்சு விட்டு, அப்புறம்தான் ‘டிக்’ என்னும். அதற்குள் கை இறங்கிவிடும், இல்லையென்றால் எதிரில் நிற்பவர் நகர்ந்துவிடுவார். பிரௌசிங் சென்டரில் படங்களைத் திறந்தபோது தையல் மிஷினின் கால், பாதிச் சுவர், என் முழங்கை என்று வந்தன. மாதிரிக்கு ஹேங்கரில் மாட்டிய பிளவுஸை எடுத்துப் பார்த்தோம். அது தொங்கும் துணியாகத் தெரிந்ததே தவிர, உடுத்திய அழகு அதில் இல்லை. “ஆள் போட்டிருந்தாதான்டி பாப்பா எடுப்பா தெரியும்” என்று அண்ணி முடிவு செய்தார்.

அப்போதுதான் அந்தக் கல்யாணம் வந்தது. இரண்டு தெரு தள்ளி இருந்த வாடிக்கைக்காரப் பெண்மணி ஒருவர் தன் மூத்த மகளைச் சென்னையில் வசதியான இடத்தில் கொடுத்தார். மணப்பெண்ணுக்கும் தங்கைக்கும், மாப்பிள்ளையின் அக்காக்களுக்கு மரியாதையாகக் கொடுப்பதற்கும் என்று அத்தனை பிளவுஸும் அண்ணிதான் தைத்தார். அந்த அம்மாள் நேரில் வந்து பத்திரிகை வைத்து, “வேலைக்காரி மாதிரி பிளவுஸ குடுத்துட்டு ஓடிடாதம்மா. ரெண்டு பேரும் உக்காந்து சாப்டுட்டுதான் போவணும்” என்று சொல்லிவிட்டுப் போனார். சென்னைக்காரப் பெண்கள் புதுப் புது மாடல் போட்டுக்கொண்டு வருவார்கள் என்று அண்ணி கேமராவைப் பெட்டியோடு பையில் வைத்துக்கொண்டார். ஒயர், சிடி, உறை எதுவும் குறையக் கூடாது. எது எதற்கு வேண்டும் என்று எங்கள் இருவருக்குமே தெரியாது.

காலை முகூர்த்தம். முதலில் அண்ணி கேட்டுக்கொண்டுதான் எடுத்தார். இரண்டு பெண்கள் சந்தோஷமாகவே திரும்பி நின்றார்கள். மூன்றாவது பெண், “எதுக்கு?” என்று புருவத்தைத் தூக்கியதும் அண்ணிக்குக் கூச்சம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு கேட்கவில்லை. நாற்காலி வரிசைக்குப் பின்னால் நின்று, ஒவ்வொரு முதுகாகப் பார்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினார். பின்வரிசையில் இருந்த ஒருவர் இதைக் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறார். மாப்பிள்ளையின் அக்கா கணவர்.

“யாரும்மா நீங்க? லேடீஸ் முதுகை எதுக்கு போட்டோ எடுக்கறீங்க?”

“பிளவுஸ் டிசைன் பாக்கறதுக்குங்க. நான் தைக்கறவ.”

“எங்க, காட்டுங்க.”

“இதுல பாக்க முடியாதுங்க. கம்ப்யூட்டர்லதான் தெரியும்.”

உண்மையைத்தான் சொன்னார். ஆனால் அந்த இடத்தில் அது பொய் போலவே கேட்டது. அந்த மனிதர் கேமராவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “திரையே இல்லாத கேமராவா?” என்றார். சுற்றிலும் ஆட்கள் கூடினார்கள். இதையெல்லாம் இன்டர்நெட்டில் போட்டுவிடுவார்கள் என்று யாரோ சொன்னார்கள். இன்டர்நெட் என்ற சொல்லை அண்ணி அதற்கு முன் பிரௌசிங் சென்டர் பலகையில் மட்டுமே பார்த்திருந்தார். நான் பையை மார்போடு அணைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் நின்றேன். நாங்கள் எந்தத் தவறும் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தும் உடம்பெல்லாம் கூசியது. தவறு செய்தவர்களுக்குத்தான் அவமானம் வரும் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

சத்தம் கேட்டுப் பெண்ணின் அம்மா ஓடி வந்தார். காலையிலிருந்தே முந்தானையை இரண்டு தோளையும் சுற்றி இழுத்துப் போர்த்தியிருந்தார். அதே கோலத்தில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடுவில் வந்தார். “இவங்க நம்ம டெய்லருங்க. உங்க வூட்டம்மா போட்டுக்கினு இருக்கிற பிளவுஸே இவங்க தச்சதுதான். நான் பொறுப்பு” என்றார். சம்பந்தி வீட்டுக்காரரிடம் அன்று அவர் குரலை உயர்த்திப் பேசியது எங்களுக்காக ஒரே ஒருமுறைதான். அந்த அக்கா கணவர், “உங்க மேல சந்தேகம் இல்லீங்க. எங்க வீட்டு லேடீஸ் விஷயம், பாத்துட்டா தீர்ந்துபோச்சு” என்றார். மாப்பிள்ளையின் நண்பர் ஒருவரிடம் ஆபீஸ் லேப்டாப் இருந்தது. பையிலிருந்து ஒயரையும் சிடியையும் அண்ணியே அவசரமாக எடுத்துக் கொடுத்தார். பார்த்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவரும் நம்பினார்.

சாப்பாட்டுக் கூடத்து மேசையில் வைத்துத் திறந்தார்கள். வரிசையாக முதுகுகள். முதல் இரண்டு படத்துக்கு யாரும் பேசவில்லை. மூன்றாவதில் ஒரு பெண், “ஐயோ, இது என்னுது” என்று சிரித்தார். கூடவே மற்றவர்களும் சிரித்தார்கள். இது யார், அது யார் என்று அடையாளம் சொல்லத் தொடங்கினார்கள். அந்த அக்கா கணவர்கூடச் சற்றுத் தளர்ந்தார். அண்ணி புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார்.

அடுத்த படம் வந்தது. அண்ணி குறி வைத்தது ஒரு சென்னைக்காரப் பெண் போட்டிருந்த குஞ்சம் வைத்த பிளவுஸை. அந்தக் கேமரா யோசித்து மூச்சு விடுவதற்குள் குறுக்கே பெண்ணின் அம்மா வந்துவிட்டார். சீர்த் தட்டைத் தூக்கக் குனிந்திருக்கிறார், முந்தானை நழுவியிருக்கிறது. மங்கலான படம்தான். ஆனாலும் அரக்குப் பட்டுப் பிளவுஸின் பக்கவாட்டில் வேறு நிறத் துணியைக் கையால் ஒட்டுப் போட்டுத் தைத்திருந்தது தெரிந்தது. அதுவும் போதாமல் முதுகில் இரண்டு ஊக்குகள் குத்தியிருந்தன. ஜன்னல் வெளிச்சத்தில் அவை பளிச்சென்று மின்னின. பழைய பிளவுஸ். எந்தக் காலத்திலோ அண்ணியே தைத்தது. எல்லோருக்கும் துணி கொண்டுவந்து கொடுத்த அந்த அம்மாள் தனக்கென்று ஒன்று கொண்டுவரவில்லை என்பது எங்கள் இருவருக்குமே அந்த நொடியில்தான் உறைத்தது.

யாரும் சிரிக்கவில்லை; யார் முதுகு என்று யாரும் கேட்கவுமில்லை. அந்த அம்மாள் முந்தானையை இன்னும் இறுக்கிக்கொண்டு, பந்தி பரிமாறுகிற பக்கம் போய்விட்டார். மாலையோடு வாசலில் வந்து நின்ற மணப்பெண் திரையைப் பார்த்தாள், பிறகு கூட்டத்தில் நின்ற தன் மாமியாரைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். “சரி, சரி, மூடுப்பா” என்றார் அந்த அக்கா கணவர். அவர் குரலிலும் வெட்கம் இருந்தது. அண்ணி மட்டும் அந்த நண்பரிடம், “தம்பி, அந்த ஒண்ண மட்டும் அழிச்சிடுப்பா” என்று கெஞ்சினார். நாங்கள் சாப்பிடாமல் பின்வாசல் வழியாக வெளியேறினோம்.

அந்த வாரம் முழுவதும் தைக்கக் கொடுத்தவர்கள் வந்தால் நானே கதவைத் திறந்தேன். அண்ணி உள்ளேயே இருந்தார். கேமரா அலமாரியில் கிடந்தது. அதில் பேட்டரி தீர்ந்தால் படங்களும் சேர்ந்து போய்விடும் என்பதைக் கடைக்காரர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஒரு நாள் பார்த்தபோது எண் கட்டம் வெறுமையாக இருந்தது. அன்று எடுத்த எல்லா முதுகும் போயிருந்தது. “நல்லதா போச்சு” என்றார் அண்ணி.

பிறகு என்னையும் அழைத்துக்கொண்டு அந்த அம்மாள் வீட்டுக்குப் போனார். கையில் அரக்குப் பட்டில் நல்ல துணி. அந்த அம்மாள் எங்களை உட்காரச் சொல்லி, மோர் கொடுத்தார். துணியைத் தொடவில்லை.

“உன் மேல எனக்கு கோவம் இல்லம்மா. நீ தெரிஞ்சா எடுத்த? ஆனா இப்ப இத வாங்கிக்கினா, அன்னிக்கு பாத்ததுக்காக குடுத்ததாதான் இருக்கும். போட்டுக்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் ஞாபகம் வரும். வேணாம்.”

அண்ணி துணியை மடியில் வைத்து, அதன் ஓரத்தை மடிப்பதும் பிரிப்பதுமாக உட்கார்ந்திருந்தார். அந்த நிமிடங்களை நினைத்தால் இன்றும் எனக்கு மண்டபத்துக் கூட்டத்தைவிட அதுதான் அதிகம் கூச வைக்கிறது.

இப்போது அண்ணியின் போனில் நாள் முழுவதும் முதுகுகள்தான். மணப்பெண்கள் அவர்களே எடுத்து அனுப்புகிறார்கள்; எப்படி நின்றால் அழகு என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அண்ணியும் விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கிறார். தைத்த பிளவுஸை உடுத்திக் காட்ட யாராவது வந்து, “ஒரு போட்டோ எடுத்துக்கங்கக்கா” என்றால் மட்டும் என்னைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்வார். அவர் எடுப்பதில்லை.

துணியை வேண்டாம் என்று சொன்ன பிறகு அந்த அம்மாள் பல மாதம் எங்கள் தெருப் பக்கம் வரவில்லை. மகளுக்கு வளைகாப்பு வைத்தபோது ஒரு பகலில் வந்தார். மஞ்சள் பையிலிருந்து மயில்கழுத்து நிறத்தில் ஒரு துணியை எடுத்து மிஷின் பலகைமேல் வைத்தார். “இது எனக்கு” என்றார். அண்ணி எழுந்து நின்றுவிட்டார்.

“பின்பக்கம் எப்படிக்கா வைக்கட்டும்?” என்று துணியை விரித்தபடி கேட்டார்.

“உன் கேமராவுல நிறைய எடுத்தியே, அதுல ஒண்ணு வையேன்.”

“அதெல்லாம் அழிஞ்சு போச்சுக்கா.”

“அப்ப கயிறு வச்சுத் தச்சிடு. எளச்சாலும் பெருத்தாலும் நானே இழுத்துக் கட்டிக்குவேன். ஊக்கு குத்தற வேலை இல்ல பாரு.”

சொல்லிவிட்டு அந்த அம்மாள் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அண்ணிக்கு வரவில்லை. அந்த அம்மாள் முந்தானையைத் தோளிலிருந்து எடுத்து முன்னால் போட்டுக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார். அண்ணி டேப்பை வைத்தார். நான் பென்சிலோடு காத்திருந்தேன். அவர் ஒரு முறைக்கு இரண்டு முறை அளந்து பார்த்துவிட்டுத்தான் அளவைச் சொன்னார்.