மூக்கு போன பிறகும் ஐஸ் அக்கா

ஐஸ் அக்காவுக்கு அந்தப் பெயரை வைத்தவர் தெருமுனை வீட்டு பஸ் டிரைவர். ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவருக்கு ஐஸ் என்று பெயர் வருவதில் என்ன அதிசயம் என்று வெளியாட்கள் நினைப்பார்கள். டிரைவர் சொல்லும் காரணம் வேறு. ஒருமுறை மாமனார் கொடுத்த பழைய ஃபிரிட்ஜைத் தூக்கிவந்து அக்காவின் பட்டறையில் இறக்கிவிட்டு, "நல்ல பெட்டிக்கா, இன்னும் நாலஞ்சு வருஷம் ஓடும்ல?" என்று ஆசையாகக் கேட்டார். அக்கா பின்பக்கத்தைத் திறந்து பார்த்தார்.

"உன் மாமனார் நல்லா உன் தலைல கட்டியிருக்காரு. எடைக்குப் போட்டுடு."

யாருக்கும் ஐஸ் வைக்கத் தெரியாத ஒரே ஆள் என்று டிரைவர் அன்றைக்கே பெயர் சூட்டிவிட்டார். சிநேகிதமும் அன்றைக்குத்தான் ஆரம்பித்தது.

அக்காவுக்கு அப்போது ஐம்பது தாண்டியிருந்தது. கீழ்த்தளம் முழுக்கப் பட்டறை. கதவு கழற்றிய ஃபிரிட்ஜ்கள் சுவரோரம் வரிசையாக வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். மாடியில் குடித்தனம். அதன் முன்னறையில் கணவருடைய தையல் மெஷின். டெய்லர் அதிகம் பேசமாட்டார். பேசினால் ஊசி குத்தின மாதிரி இருக்கும். இரண்டு பேருமே வீட்டிலேயே வேலை பார்த்ததால் மத்தியானச் சாப்பாட்டை மட்டும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவது என்று வைத்திருந்தார்கள்.

ஒயின் அந்த வீட்டுக்குள் வந்தது ஒரு கோடையில். ஊருக்கு வெளியே மலையடிவாரத்தில் திராட்சைக்காரர்கள் சேர்ந்து நடத்தும் கூட்டுறவு ஆலை ஒன்று உண்டு. அதன் குளிர் அறை நின்றுபோய், உள்ளே இருந்த சரக்கு சூடாக ஆரம்பித்துவிட்டது. அக்கா போய் நாளெல்லாம் குனிந்து நிமிர்ந்து அதை ஓடவைத்தார். ஆலை மேனேஜரம்மா கூலியோடு இரண்டு பாட்டில் வெள்ளை ஒயினையும் பையில் வைத்துக் கொடுத்தார். ஒயின் என்றால் பெரிய வீட்டுக்காரர்கள் கல்யாணத்தில் கிளாஸைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்கு என்றுதான் அக்கா அதுவரை நினைத்திருந்தார். மறுநாள் மத்தியானம் மீன் பொரித்து, எலுமிச்சை பிழிந்து, அந்த ஒயினை இரண்டு டம்ளரில் ஊற்றினார். டெய்லர் ஒரு வாய் குடித்தார், மீனில் ஒரு துண்டு தின்றார், மறுபடி ஒரு வாய் குடித்தார்.

"மீனுக்கு அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கு" என்றார்.

அவர் வாயிலிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு எதையும் யாரும் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்கள் மாறிப்போயின. டெய்லரின் தங்கை, ஆஸ்பத்திரியில் நர்ஸ், முதலில் வந்து சேர்ந்தாள். நாத்தனாரும் அண்ணியும் இப்படி ஒட்டிக்கொண்டு திரிவதைப் பார்த்து அக்கம்பக்கத்தில் பலருக்கு ஏமாற்றம். பிறகு டிரைவர் வந்தார். பட்டறையின் பின்னறையில் ஒரு பெரிய ஐஸ்கிரீம் ஃப்ரீசர் ஓடாமல் கிடந்தது. அதன் மேல் துணி விரித்தால் அதுதான் மேஜை. கால் நீட்ட இடம் இருக்காது, எல்லோரும் பக்கவாட்டில் திரும்பித்தான் உட்காரவேண்டும்.

சட்டதிட்டம் அக்கா போட்டது. பாட்டில் நம் பக்கத்தில் விளைந்ததாக இருக்கவேண்டும், டிரைவர் பஸ்ஸில் போய் வாங்கிவரக்கூடிய தூரத்துக்குள். விலையைக் கேட்டுக் கை நடுங்கக் கூடாது. கொண்டுவருகிற ஆள் அதற்குப் பொருத்தமான ஒரு சாப்பாட்டுச் சாமானும் கொண்டுவரவேண்டும். முதல் வாரம் டிரைவர் தன் கிளாஸில் ஐஸ்கட்டி போடப் போனபோது அக்கா அவர் கையைத் தட்டிவிட்டார்.

"ஃபிரிட்ஜ்லேருந்து எடுத்து வச்சுக் கொஞ்ச நேரம் கழிச்சுதான் ஊத்தியிருக்கேன். ரொம்பச் சில்லுன்னா நாக்கு மரத்துப்போயிடும். உனக்கு வெறும் குளிர்ச்சிதான் வேணும்னா அந்த ஃப்ரீசருக்குள்ள இறங்கி உக்காரு."

"அது ஓடலையேக்கா."

"நீ இறங்கு, நான் ஓடவைக்கிறேன்."

இப்படியே நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. மலைச்சரிவுத் தோட்டத்து ஒயினில் பச்சை ஆப்பிள் வாசனை, ஆற்றங்கரைத் தோட்டத்தில் பழுத்த பேரிக்காய், கடலோரத்துச் சரக்கில் ஏதோ உப்புக் காற்று. எல்லாவற்றையும் முதலில் பிடிப்பது அக்காதான். மூக்கு அவருக்குத் தொழில் சாமான். கம்ப்ரஸர் புகைந்ததா, வயர் ரப்பர் உருகியதா என்பதை வீட்டுக்குள் நுழையும்போதே சொல்லிவிடுவார்.

பிறகு ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது. படுத்து எழுந்தார். உடம்பு தேறிவிட்டது என்றுதான் நினைத்தார். முதல் வேலையாக ஒரு மளிகைக் கடை ஃபிரிட்ஜைப் பார்க்கப் போனார். கடைக்காரர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். அக்கா கம்ப்ரஸருக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார். ஒன்றும் தெரியவில்லை.

"என்ன வாசனைங்க வருது?" என்று கேட்டார்.

கடைக்காரர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "ஏம்மா, தெருவே நாறுது. உங்களுக்குத் தெரியலையா?"

அக்கா அன்றைக்கு வேலையை முடிக்காமலே திரும்பினார். வீட்டில் கிராம்பு டப்பாவைத் திறந்தார், சோப்பை முகர்ந்தார், டெய்லர் காலையில் கழற்றிப் போட்ட சட்டையை எடுத்து முகத்தில் வைத்தார். சுத்தமாக ஒன்றுமில்லை. டாக்டர் பார்த்துவிட்டு, திரும்பி வரலாம், வராமலும் போகலாம், எதற்கும் பொறுமையாக இருங்கள் என்றார். பொறுமை மட்டும் அக்காவிடம் எப்போதும் இருப்பில் இருந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டை நிறுத்திவிட்டார். சாப்பிடுவதே பசிக்கு என்று ஆகிவிட்டது. நாக்கு செத்துப்போச்சு என்று எல்லோரும் சும்மா சொல்வார்கள், அக்கா அதை நிஜமாகவே அனுபவித்தார். நாத்தனார்தான் ஒருநாள் கையில் பாட்டிலோடு வந்து நின்றாள்.

"எனக்கு எதுக்கும்மா? தண்ணிக்கும் இதுக்கும் வித்தியாசம் தெரியாது."

"தெரியாதுன்னு குடிச்சுப் பார்த்தா சொல்றீங்க? அண்ணி, போனது மூக்குதான், நாக்கு இருக்கு. ஆஸ்பத்திரில உங்கள மாதிரி எத்தனை பேரப் பாக்குறேன். ஒரு வாய் குடிங்க. பிடிக்கலன்னா நான் பாட்டிலத் தூக்கிட்டுப் போயிடறேன்."

அக்கா கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் குடித்தார். வாசனை இல்லை. ஆனால் புளிப்பு இருந்தது. நாக்கின் இரண்டு ஓரத்தையும் கிள்ளுகிற புளிப்பு, பின்னால் கொஞ்சம் கசப்பு, தொண்டையில் இறங்கும்போது ஒரு குளிர்ச்சி. முன்பெல்லாம் வாசனை முந்திக்கொண்டு வந்ததில் இவற்றை அவர் தனித்தனியாகக் கவனித்ததே கிடையாது. கூடவே அவள் கொண்டுவந்திருந்த, வெண்ணெயில் புரட்டிய உருளைக்கிழங்கைத் தின்றார். உப்பும் வெண்ணெயும் புளிப்பை மழுக்குவது தெரிந்தது. இன்னொரு துண்டு தின்றுவிட்டு மறுபடி குடித்தார்.

"பாட்டில் இங்கயே இருக்கட்டும்" என்றார்.

அடுத்த ஞாயிறு நாலு பேரும் ஃப்ரீசரைச் சுற்றி உட்கார்ந்தார்கள். இந்தமுறை அக்கா புதுச் சட்டம் போட்டார். வாசனையை மற்றவர்கள் வாய்விட்டுச் சொல்லவேண்டும். அதுவரை அக்கா சொல்ல, தலையாட்டியே பழகியவர்கள் அவர்கள். திடீரென்று பேசு என்றால்? டிரைவர் கிளாஸுக்குள் மூக்கை நுழைத்து வெகுநேரம் யோசித்தார்.

"மழை நின்னதும் டிப்போ வாசல் இருக்கும்ல, அது மாதிரி."

"டீசலா?"

"டீசல் இல்லக்கா. தரை. நனைஞ்ச சிமெண்டுத் தரை."

டெய்லர், புதுத் துணியில் தண்ணீர் தெளித்து இஸ்திரிப் பெட்டி வைக்கும்போது வருகிற வாசனை என்றார். நாத்தனார், தோல் உரித்த திராட்சை என்றாள். திராட்சை ஒயினில் திராட்சை வாசனை வருவதைக் கண்டுபிடித்த நர்ஸம்மாவுக்கு ஒரு மாலை போடவேண்டும் என்று டிரைவர் சொன்னார். அக்கா மூன்றையும் கேட்டுக்கொண்டு, மனசுக்குள் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்துக்கொண்டே குடித்தார். காய்ச்சலுக்குப் பிறகு அன்றைக்குத்தான் மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டார்.

பட்டறையிலும் இதையே செய்ய ஆரம்பித்தார். யார் வீட்டுக்குப் போனாலும் முதல் கேள்வி, "உங்களுக்கு என்ன வாசனை வருது, யோசிச்சுச் சொல்லுங்க." கருகின வெங்காயம் மாதிரி, பட்டாசு மாதிரி, பழைய செருப்பு மாதிரி என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். காது கொடுத்துக் கேட்டால் வேலைக்கு அது போதுமாக இருந்தது. மளிகைக் கடைக்காரரிடமும் போய், விட்டுவந்த வேலையை முடித்துக் கொடுத்தார்.

இந்தச் சமயத்தில்தான் அந்த ஞாயிறு வந்தது. பாட்டில் அக்கா வாங்கிவந்தது, ஆற்றங்கரைத் தோட்டத்துடையது. எல்லோருக்கும் ஊற்றிவிட்டு, "ம், சொல்லுங்க" என்றார். மூன்று பேரும் முகர்ந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நல்லா இருக்குக்கா. பேரிக்காய் வாசனை" என்றார் டிரைவர்.

"ஆமா அண்ணி, பேரிக்காய்தான்."

டெய்லர் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். அக்கா குடித்தார். புளிப்பு இருந்தது, குளிர்ச்சி இருந்தது, ஆனால் நடுவில் ஏதோ ஒரு வெறுமை. தன் நாக்கின் குறை என்றுதான் நினைத்தார். பேச்சு வேறு எங்கெல்லாமோ போய்வந்தது. தட்டுகளை எடுக்கும்போது அக்கா கிளாஸ்களைப் பார்த்தார். மூன்றும் பாதிக்கு மேல் நிறைந்திருந்தன. கிளாஸின் அடியில் ஒட்டியிருப்பதைக்கூட அண்ணாந்து உறிஞ்சுகிற டிரைவருடைய கிளாஸும்தான்.

அக்கா தட்டுகளைக் கீழே வைத்தார்.

"என்ன இது?"

டெய்லர்தான் சொன்னார். "தக்கை கெட்டுப்போயிருக்கு. நனைஞ்ச அட்டைப்பெட்டி வாசனை. வாயில வைக்க முடியல."

"முன்னாடியே ஏன் சொல்லல?"

"நீங்க ஆசையா வாங்கிட்டு வந்தீங்க அண்ணி" என்றாள் நாத்தனார். "மனசு கஷ்டப்படுவீங்கன்னு..."

அக்கா ஃப்ரீசரின் மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றார். கோபத்தைவிட அவமானமாக இருந்தது. தன் வீட்டில், தன் மேஜையில், தன்னைச் சுற்றி மூன்று பேர் குழந்தைக்கு வேடிக்கை காட்டுகிற மாதிரி நடித்திருக்கிறார்கள்.

"என் மூக்கு போச்சு. உங்க மூணு பேர் மூக்க நம்பிதான் இங்க உக்காந்திருக்கேன். நீங்க பாவம் பார்த்துப் பொய் சொன்னா நான் யாருகிட்டப் போய்க் கேக்குறது? என் நாக்கு சரியாத்தான் சொல்லுச்சு. உங்க பேச்சக் கேட்டு அதையும் நான் சந்தேகப்பட்டுட்டேன்."

டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார். "தப்புதான்க்கா."

"உன் ஃபிரிட்ஜப் பார்த்துட்டு நான் என்ன சொன்னேன்?"

"எடைக்குப் போடச் சொன்னீங்க."

"அதே மாதிரி சொல்லணும். இல்லன்னா அடுத்த வாரம் யாரும் வரவேணாம்."

பாட்டிலை எடுத்துப் போய்த் தொட்டியில் கவிழ்த்தார். திரும்பி வரும்போது கையில் வேறொரு பாட்டில் இருந்தது. டெய்லர் அதைத் திறந்து, முதல் வேலையாகத் தக்கையை முகர்ந்து, "இது பரவால்ல. சுமார்தான்" என்றார். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மற்றவர்கள் அதைப் பார்த்த பிறகுதான் சிரித்தார்கள்.

அன்றிலிருந்து மேஜையில் தயவுதாட்சண்யம் இல்லை. நாத்தனார் கொண்டுவந்த ஒன்றை ஆஸ்பத்திரித் தரை துடைக்கிற தண்ணீர் என்று அவளுடைய அண்ணனே சொன்னார். அவளும் பதிலுக்கு அவர் சமைத்த இறாலை ரப்பர் பொத்தான் என்றாள்.

மூக்குக்குப் பயிற்சி கொடுக்கவேண்டும் என்று சொன்னதும் நாத்தனார்தான். தினமும் காலையில் எலுமிச்சைத் தோல், கிராம்பு, ரோஜா, யூகலிப்டஸ் தைலம் என்று அக்கா ஒவ்வொன்றாக முகர்ந்துகொண்டு உட்கார்ந்திருப்பார். மாதக்கணக்கில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு நடந்தது எதிர்பாராத விதமாக நடந்தது. வெங்காயம் வதக்கினால் சாக்கடை, கோழி வறுத்தால் எரிந்த ரப்பர். டாக்டர் இது நல்ல அறிகுறி என்றார். நல்லதே இப்படி நாறினால் கெட்டது எப்படி நாறும் என்று அக்கா கேட்டுவிட்டு வந்தார். சில வாரங்கள் குளிர்ந்த சோறும் வெள்ளரிக்காயும் தவிர எதையும் தொட முடியவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமையை விடவில்லை. மற்றவர்களும் அவருக்காக வெள்ளரிக்காயும் பாலாடைக்கட்டியும் தின்றார்கள், ஒயினை மட்டும் மாற்றிக்கொண்டே வந்தார்கள். மெல்ல மெல்ல வாசனைகள் தத்தம் இடத்துக்குத் திரும்பின. எல்லாம் வரவில்லை. ரோஜா வரவே இல்லை. பச்சை ஆப்பிள் வந்தது, எலுமிச்சை வந்தது, புகை முழுசாக வந்துவிட்டது.

போன கோடையில் டிரைவர் புதுசாக ஒன்று கொண்டுவந்தார். அவர் ரூட்டில் புதிதாகத் தோட்டம் போட்ட ஒரு தம்பதி வடிகட்டாமல் அப்படியே அடைத்த வெள்ளை ஒயின், மோர் மாதிரி கலங்கி இருந்தது. மூன்று பேருக்கும் பிடிக்கவில்லை. கெட்டுப்போகவில்லை, ஆனால் முரட்டுத்தனமாக இருக்கிறது என்றாள் நாத்தனார். துவைக்காத கோணித்துணி என்றார் டெய்லர். அக்கா மெதுவாகக் குடித்தார். கண்ணை மூடவில்லை, யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"மூணு பேருக்கும் தெரியல. இது நல்ல ஒயின்."

"அக்கா, உங்க மூக்குல பாதிதான் வேலை செய்யுது" என்றார் டிரைவர்.

"இருக்கட்டும். உன் முழு மூக்க விட என் பாதி மூக்கு மேல். இதத் தனியாக் குடிக்கக் கூடாது. கொழுப்பா ஏதாவது வேணும்."

பூண்டு போட்டுச் சுட்ட கோழியைத் தோலோடு பிய்த்து ஒவ்வொருவர் தட்டிலும் வைத்தார். தின்றுவிட்டுக் குடிக்கச் சொன்னார். நாத்தனார் இரண்டாம் வாயில் புருவத்தை உயர்த்தினாள். டிரைவர் பாட்டிலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அந்தத் தம்பதியிடம் இன்னும் எத்தனை பாட்டில் இருக்கும் என்று அக்கா விசாரித்தார். அடுத்த நடையில் வாங்கிவரச் சொல்லி ஆர்டரும் கொடுத்துவிட்டார்.

டெய்லர் மட்டும் கடைசி வரை ஒத்துக்கொள்ளவில்லை. "எனக்குக் கோணிதான்" என்றார்.

"உங்களுக்குக் கோணின்னா கோணிதான். பொய் சொல்லச் சொல்லல" என்று சொல்லிவிட்டு, அக்கா அவருடைய கிளாஸையும் எடுத்துத் தன் கிளாஸில் கவிழ்த்துக்கொண்டார்.