அக்காவின் மேசைக்கு மேலே இருந்த அலாரம்

அக்காவுக்குக் குளிர்பதனக் கிடங்கில் வேலை. அமோனியா கசிந்தால் கத்தும் அலாரங்கள் அவள் பொறுப்பு. இரண்டு வருடங்களுக்கு முன் கசிந்தபோது அலாரம் தாமதமாகக் கத்தியது. கம்ப்ரசர் ஆபரேட்டர் உள்ளேயே இறந்துபோனார். அவரை இழுத்துவரப் போன அக்கா பிழைத்தாள். வாசனை அறியும் சக்தி மட்டும் அன்றோடு போயிற்று. அம்மாவிடம் நாங்கள் அதைச் சொல்லவில்லை.

காரணத்தை அக்காதான் தோண்டி எடுத்தாள். அலாரத்தின் நிரலில் தப்பில்லை. அதை அந்தப் பழைய சிப்புக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றிய கம்பைலர் ஓரிடத்தில் பிசகியிருந்தது. சிப்புக்குச் சிப்பு கட்டளைகள் வேறு. மற்றவற்றில் இந்தப் பிசகு இல்லை. அது திறமூலக் கம்பைலர், எங்கெங்கோ இருப்பவர்கள் ஓய்வு நேரத்தில் சேர்ந்து எழுதுவது. அக்கா திருத்தத்தை அனுப்பினாள். பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் அந்தச் சிப்புக்கான பகுதியையே கம்பைலரிலிருந்து நீக்கப்போவதாகப் பதில் வந்தது. தானே பார்த்துக்கொள்வதாக எழுதினாள். அப்படியானால் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன்பு நிஜச் சிப்பில் சோதனைகளை ஓட்டிக் காட்ட வேண்டும் என்றார்கள். இதே அலாரம் மாட்டிய மற்ற கிடங்குகளுக்குத் திருத்தம் போய்ச்சேர வேறு வழியில்லை.

"ஊரான் வேலையெல்லாம் இவ தலையில. பால் தீயறதுகூடத் தெரியல, மூக்கை எங்கடி அடகு வெச்சே?" என்பாள் அம்மா.

சோதனைகள் தோற்றன. ஒரே பெருக்கல் ஒருமுறை சரியாக வரும், மறுமுறை தப்பாக வரும். வாரக்கணக்கில் தன் திருத்தத்தையே சந்தேகப்பட்டாள். கடைசியில் பார்த்தால், கெட்டுப்போனது அந்தச் சிப்பு பதித்து அவளிடமிருந்த ஒரே போர்டு. தயாரித்த நிறுவனம் மூடி வெகுநாளாகிறது. நல்ல போர்டுகள் எல்லாம் கிடங்குச் சுவர்களில், அலாரங்களுக்குள்.

"ஒண்ணைக் கழட்டேன்க்கா."

"கழட்டலாம். யார் தலைக்கு மேல இருக்கறதை? நீ பெரிய படிப்பாளி, சொல்லு."



வெளியீட்டுக்கு வைத்த கெடு முடியுமுன் சோதனைகள் தேறின. திருத்தம் வெளியீட்டில் சேர்ந்தது. மறுநாள் கிடங்குக்கு அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். மேசைக்கு மேலே, சுவரில், பெயிண்ட் மங்காத ஒரு சதுரம். கழற்றிய அலாரம் மேசையில் வயிறு திறந்து, ஒயர்கள் பற்றவைக்கப்பட்டுக் கிடந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் கம்ப்ரசர் உறுமியது.

"திரும்ப மாட்டிடுவேல்ல?"

"அடுத்த ரிலீஸுக்கும் இது வேணும்டா."

"இங்க கசிஞ்சா?"

"மூக்கு இருக்குல்ல" என்று சிரித்தாள்.

அன்று மாலை வீட்டில் பால் தீய்ந்தது. அடுப்புக்குப் பக்கத்தில்தான் அக்கா நின்றிருந்தாள், முதுகைக் காட்டிக்கொண்டு. நான் எழுந்துபோய் அணைத்தேன்.