தார் எழுத்து மங்குகள்

மலாயாவில் ரயில் ஊர்ந்து போன காலம் அது. காட்டுக்குள் ஒளிந்து போரிட்ட கம்யூனிஸ்ட் காட்டுக்காரர்கள் தண்டவாளத்தைப் பெயர்த்திருப்பார்களோ என்ற பயத்தில் கெமாஸிலிருந்து சிரம்பானுக்கு மெல்ல மெல்லத்தான் போகும். சனிக்கிழமைதோறும் பயிற்சி வகுப்புக்குப் போன புது ஆசிரியைகள் எங்களுக்கு அந்தப் பெட்டியே இன்னொரு பள்ளிக்கூடம். எனக்குப் பதினெட்டு வயது. ஒரு சனிக்கிழமை அழுதுகொண்டே ஏறினேன். மாதக் கடைசிக்குள் ஒன்றாம் வகுப்பு வாசிக்காவிட்டால் வேறு டீச்சர் கேட்டு எழுதிவிடுவேன் என்று எங்கள் ரப்பர் தோட்டத்து ஆபீஸ் கணக்கரான கிராணி சொல்லியிருந்தார். என் பிள்ளைகளோ அ, ஆ என்று வரிசையாகப் பாடுவார்கள். நடுவில் ஓர் எழுத்தைத் தொட்டால் மறுபடி அ-விலிருந்து தொடங்குவார்கள்.

எதிரே இருந்தவள் ரயில்வே குமாஸ்தாவின் மகள், யாழ்ப்பாணத்துப் பேச்சு, என்னைப் போலவே புதுசு.

"பாட்டை நிப்பாட்டும். எழுத்தைத் தனித்தனியாக் கையிலை குடும்."

"அட்டைக்கு எங்க போறது?"

"தோட்டத்திலை உடைஞ்ச மங்கு கிடக்காதோ?"

கிடந்தது! ஸ்டோருக்குப் பின்னால் விளிம்பு உடைந்த மங்குகள், மரத்தில் ரப்பர் பால் பிடிக்கும் கிண்ணங்கள், குவியலாக. டீச்சரும் பால்மரம் வெட்டப் போகிறாராம் என்று வேலை மேற்பார்க்கும் மண்டோர் தொழிலாளர் லயம் முழுக்கச் சொல்லிச் சிரித்தார். மங்குக்கு ஓர் எழுத்து, தாரில். பிள்ளைகள் கலைத்தார்கள், உருட்டினார்கள், பிடுங்கிக்கொண்டார்கள்.

ஒரு சின்னப்பெண் மூன்று மங்குகளை வீட்டுக்குத் தூக்கிப் போய்விட்டாள். விடிகாலையில் தாய், பால் மங்குதானே என்று அவற்றையும் வாளியில் போட்டுக்கொண்டு பால் வெட்டக் கிளம்பினாள். முள்கம்பி வாசலில், காட்டுக்குச் சோறு போகிறதா என்று வாளியைத் துழாவிய காவல்காரர் கையில் தார் எழுத்துகள். ரகசியத் தகவல் என்று அவளை நிறுத்திவிட்டார். கிராணியை அழைத்தார்கள். நானும் ஓடினேன்.

"பிள்ளைங்க வாசிக்கிற மங்குங்கய்யா," என்றேன்.

"வாசிக்குதுங்களா?"

பின்னாலேயே ஓடிவந்து தாயின் சேலையைப் பிடித்து நின்ற மகளிடம் மங்கு ஒன்றை நீட்டினார் கிராணி. "ட," என்றாள். முதுகுக்குப் பின்னால் கலைத்துவிட்டு மறுபடி நீட்டினார். "ப." பாட்டில்லை, அ-விலிருந்து தொடக்கமில்லை. வரிசையில் நின்ற பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். கிராணி மூன்றையும் தரையில் வைத்தார். அவள் அவர் கையைத் தள்ளிவிட்டு இரண்டை இடம் மாற்றினாள்.

"இப்பத்தான் ஐயா சரி. படம்."

தாய் வாளியோடு நடந்தாள். மிச்சக் குவியலையும் பள்ளிக்கு அனுப்பச் சொன்ன கிராணி, வேறு டீச்சர் பேச்சை எடுக்கவே இல்லை.

சனிக்கிழமை, ரயில் நிற்கும்வரை எனக்குப் பொறுக்கவில்லை. அதுதான் ஊர்ந்து வருகிறதே. யாழ்ப்பாணத்துத் தோழி இருந்த ஜன்னலோடு கூடவே ஓடி, ஓடிக்கொண்டே சொல்லத் தொடங்கினேன்.