பெட்டியின் அடி வரிசை

ரகுநாதன் சாரை ஷாகிதா மன்னிக்கவில்லை. மன்னிக்கச் சொல்ல எனக்கும் மனம் வரவில்லை. திருமழிசைக் கம்பெனியில் நானும் அவளோடு டிரெய்னியாக இருந்தவள்தான்.

லாரிகளுக்குப் போகும் இரும்பு வளையங்களை அளந்து பார்த்துப் பெட்டியில் அடுக்குவது எங்கள் வேலை. "ஒரு வருஷம் பல்லைக் கடிச்சிக்கினு இரும்மா, பர்மனென்ட் நிச்சயம்" என்று மேனேஜர் ரகுநாதன் மாதம் தவறாமல் சொல்வார். நோன்பு நாட்களிலும் ஷாகிதா நின்றபடியே அளந்தாள். வருஷம் முடிந்ததும் ஒரு சர்டிபிகேட்டைக் கொடுத்து, புதிதாக வரும் டிரெய்னிகளுக்கு வேலை சொல்லிக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார். கறிவேப்பிலையாக எடுத்துப் போட்டார்கள், அதுவும் நன்றாகக் கொதிக்கவிட்ட பிறகு.

அடுத்த எட்டு மாதம் அம்பத்தூரில் அவள் ஏறி இறங்காத கம்பெனி இல்லை. டிரெய்னியாக இருந்ததெல்லாம் அனுபவத்தில் சேராது என்றார்கள். ஒரு இடத்தில் ரகுநாதனுக்கே போன் போட்டு விசாரித்தார்கள். "வேலை சுமார்தான்" என்றாராம் அந்தப் புண்ணியவான். அன்றைக்கு என் வீட்டுக்கு வந்து அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தாளு ஒருநாள் என் முன்னாடி வந்து நிக்கணும்" என்றாள்.

கடைசியில் பாடியில் ஒரு பெரிய ஃபேக்டரியில் வேலை கிடைத்தது. வெளியிலிருந்து வரும் சரக்கைச் சோதித்து உள்ளே விடுவது அவள் பொறுப்பு. மூன்றாம் வாரம் திருமழிசை வளையங்கள் வந்து இறங்கின.

லோடு இறக்கும் துலுக்கானம் வழக்கம்போல் மேல் வரிசையில் கை வைத்தார். "இன்னாம்மா, மேல கீறதுல நாலு எடுத்தா போதும்ல?"

"வேணாண்ணா. பெட்டியைக் கவுத்துடுங்க."

மாதக் கடைசியில் கழித்த வளையங்களை அடியில் போட்டு, நல்லதை மேலே அடுக்குவது ரகுநாதன் எங்களுக்குக் கற்றுக்கொடுத்த தொழில். வாங்குகிறவர்கள் மேலாக எடுத்துத்தான் அளப்பார்கள் என்பது அவர் கணக்கு. கவிழ்த்த பெட்டியில் முப்பத்தேழு வளையங்கள் தேறவில்லை.

மறுநாள் காலை ரகுநாதனே ஓடி வந்தார். மேசைக்குப் பின்னால் ஷாகிதாவைப் பார்த்ததும் முகம் செத்துப்போயிற்று. குரலைத் தாழ்த்தி, "நீயே உன் கையால இப்படி அடுக்குனவதானேம்மா?" என்றார்.

"ஆமா சார். அதான் எங்க தேடணும்னு தெரிஞ்சது."

மொத்த லோடையும் திருப்பி அனுப்பும் சீட்டில் அவரிடமே கையெழுத்து வாங்கினாள். சாயங்காலம் இதையெல்லாம் எனக்குப் போனில் சொன்னாள். நெஞ்சு குளிர்ந்தது என்றாள். அடுத்த லோடு வியாழக்கிழமை வருகிறதாம்.